நீங்க சொல்றது எனக்குக் கேக்குது

உங்கள் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னபோது நான் ஏமாந்துபோனேன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என் மனைவி சாந்தி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கோ திறந்திருந்த ஒரு கதவைக் கண்ணெதிரே சாத்தியதுபோல் இருந்தது. படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படியோர் ஏமாற்றம் வந்திருந்தால் அதை அவர்கள் வெளியே சொல்லியிருக்கமாட்டார்கள். நானும் அன்று சொல்லவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் தனபாலன். ஐம்பத்திரண்டு வயது, வீடு ஈப்போ சிலிபினில். ஜெலாப்பாங்கில் ஒரு பிளாஸ்டிக் சாமான் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக ஸ்டோர் சூப்பர்வைசர். பெற்றோர் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். அந்தத் தோட்டத்தில் மனசு சரியில்லாதவனுக்குக் கள்ளுக்கடை இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் அதற்குப் பதிலாக ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். கள்ளுக்கடைக்காரன் குடித்தவனுக்குச் சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுக்கவில்லை. அந்த அளவுக்கு அவன் யோக்கியன்.

பயிற்சி எதனால் வந்தது என்று சொல்ல வேண்டும். ஸ்டோரில் ஐந்து பேர் இருந்தோம். செலவைக் குறைக்கிறோம் என்று மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிச்சமிருந்த இரண்டு பேர் ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்றோம். மற்றப் பிரிவுகளிலும் இதே கதைதான். கொஞ்ச நாளில் டாக்டரிடம் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு எடுத்து வீட்டில் படுப்பவர்கள் கூடிப்போனார்கள். மேலிடம் யோசித்தது. ஆட்களைத் திரும்ப எடுக்கலாம் என்று தோன்றவில்லை. ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசக் கற்றுக்கொடுக்கலாம் என்று தோன்றியது.

மாடியிலிருக்கும் மீட்டிங் அறையில் நாற்பது பேரை உட்காரவைத்தார்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர், காதில் மைக் மாட்டிக்கொண்டு, பாடகரைப்போல நடந்து நடந்து பேசினார். கூட வேலை செய்பவரிடம் மாற்றம் தெரிந்தால் கவனியுங்கள், கேளுங்கள், குறுக்கே பேசாமல் காதுகொடுங்கள், புத்தி சொல்லாதீர்கள், தேவைப்பட்டால் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள் என்றார். இன்று எழுதிப் பார்த்தால் இதில் ஒன்றும் தப்பில்லை. அன்று எனக்கு எல்லாமே பித்தலாட்டமாகத் தெரிந்தது. ஆளைக் குறைத்தவர்களே முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்களே, வேறெப்படித் தெரியும்?

ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். கஷ்டத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்கள் அதில் இருந்தன. ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கும் மலாயிலிருந்து தமிழுக்கும் ஆள் நிர்வாகத்தைப் பார்க்கும் மிஸ் புவனா மாற்றியிருந்தார். முதல் வாக்கியம்: "நீங்க சொல்றது எனக்குக் கேக்குது." யாருக்குக் காது போய்விட்டது என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சிரித்தோம்.

பிறகு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து நடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் நண்பர். ஃபோர்க்லிப்ட் ஓட்டும் சாகுல் அன்று வராத யாருக்கோ பதிலாக வந்து உட்கார்ந்தவன். அவன் முறை வந்ததும் எடுத்த எடுப்பிலேயே, "சாகணும்னு தோணுதா?" என்று எதிரில் இருந்தவரைக் கேட்டுவிட்டான். அறையே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்துக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் முதல் நிமிடத்திலேயே கேட்கக்கூடாது என்றார். கேட்டால் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், ஏற்கெனவே இருப்பதைத்தான் சொல்வார்கள் என்று கடைசி அரை மணியில் விளக்கினார். அப்போது கேன்டீன்காரர்கள் மீ கோரேங் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நாற்பது பேரின் கண்ணும் தட்டில் இருந்தது. நான் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவில் 'என்னோடு பேசலாம்' என்று மலாயில் எழுதிய பச்சை பேட்ஜ் ஒன்றைச் சட்டையில் குத்தி அனுப்பினார்கள். பேட்ஜை நம்பி பேக்கிங்கில் வேலை செய்யும் லெட்சுமி அக்கா ஒருநாள் என்னிடம் வந்தார். மகன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது, வேலையில் கை ஓடவில்லை, அழுகை அழுகையாக வருகிறது என்றார். நான் டெலிவரி ஆர்டரைப் பார்த்துக்கொண்டே, காளியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றேன். சரிங்க என்று போய்விட்டார். ஆகவே நான் இதில் யாரை இகழ்ந்தாலும் அந்த வரிசையில் முதல் ஆளாக நானே நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில மாதங்களில் என் தூக்கம் போயிற்று. படுத்த இரண்டு மணி நேரத்தில் விழித்துக்கொள்வேன், அதன்பிறகு விடியும்வரை கூரைதான். சோறு இறங்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. ஒரே அட்டைப்பெட்டி அடுக்கை மூன்று தடவை எண்ணி மூன்று விதமான எண்ணிக்கை வந்து நின்றேன். வேறு வழியில்லாமல் மிஸ் புவனாவிடம் போனேன்.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த அட்டையை வைத்திருந்தார். நான் பேசப் பேசக் கண்ணைத் தாழ்த்தி வரிசைப்படி சொன்னார். நீங்க சொல்றது எனக்குக் கேக்குது. அது உங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும். என்கிட்ட சொன்னதுக்கு நன்றி.

"மிஸ், ஸ்டோருக்கு இன்னும் ஒரு ஆள் குடுங்க. தூக்கம் தானா வரும்" என்றேன்.

"அத பத்தி இப்ப பேச வேணாம் அண்ணே" என்றார் கனிவாக. "உங்க உணர்வ பத்தி மட்டும் பேசுவோம்."

அவர் கெட்டவர் அல்ல. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நேராகத் திட்டியிருக்கலாம். ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார், நிரப்பினேன். நாம் பேசியது வெளியே போகாது என்றார். இரண்டு நாள் கழித்து கேன்டீனில் மேனேஜர் முதுகில் தட்டி, ஸ்ட்ரெஸ் ஆகக்கூடாது, சிரிச்சிக்கிட்டே இருக்கணும் என்றார். சோறு போடும் அம்மா எனக்கு மட்டும் ஒரு கரண்டி அதிகம் போட்டார். தொழிற்சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. இரகசியம் காக்கப்படும் என்பது அட்டையில் ஆறாவது வரி.

ஒரு வியாழக்கிழமை காலை, கன்டெய்னரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல ஆயிற்று. இரண்டு கையும் மரத்துப்போயின. வேர்த்துக் கொட்டியது. இதுதான் முடிவு என்று நினைத்தேன், பரவாயில்லை என்றும் நினைத்தேன். பாதுகாப்பு அதிகாரி விபத்துப் படிவத்தைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார். சாகுல் ஃபோர்க்லிப்டை அப்படியே நிறுத்திவிட்டு, என்னைத் தூக்கித் தன் பழைய காரில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

எமர்ஜென்சியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ஒரு புரதம் இரத்தத்தில் கசியுமாம். அது உடனே தெரியாது என்பதால் சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்தார்கள். அதுவரை காரிடாரில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். சாந்தி வேலை செய்யும் தையல்கடையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள். சேலையில் நூல் ஒட்டியிருந்தது. பிறகு வார்டில் போட்டு எக்கோ எடுத்தார்கள். கர்ப்பிணிகளின் வயிற்றைப் பார்க்கிற அதே மாதிரிக் கருவியால் இதயம் துடிப்பதைத் திரையில் பார்ப்பது அது. திரையில் என் இதயத்தை நானும் பார்த்தேன். யாரும் கேட்காமலே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, கோலாலம்பூர்க்காரரைவிட எவ்வளவோ மேல்.

மறுநாள்தான் அந்தச் செய்தி. டாக்டர் இளவயது மலாய்ப் பெண். இதயம் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு வந்தது பதற்றத் தாக்கு என்றார். ஆபத்து வந்தால் ஓடித் தப்பிக்க உடம்பு தயாராகும் அல்லவா, மூச்சு வாங்கும், இதயம் அடித்துக்கொள்ளும். அந்த ஏற்பாடு ஆபத்து இல்லாத நேரத்தில் தானாகத் தொடங்கிவிடுவதுதான் இது, இதனால் உயிர் போகாது என்று விளக்கினார். என் எடை குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். வேறேதாவது மனதில் இருக்கிறதா என்றும் கேட்டார். சாந்தி இன்னும் கும்பிட்ட கையை இறக்கவில்லை. ஒன்றுமில்லை என்றேன். டாக்டர் நம்பவில்லை போலிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் இருங்கள், மனநல டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் தொழிற்சாலையின் அக்கறைக் குழு வந்தது. ஐந்து பேர், ஐவருக்கும் பச்சை டீ-சட்டை. மேனேஜர், மிஸ் புவனா, இன்னும் மூன்று பேர். கண்ணாடிக் காகிதம் சுற்றிய பழக்கூடை ஒன்றை என் காலருகில் வைத்தார்கள். பிறகு கட்டிலைச் சுற்றி நின்று ஒருவர் மாற்றி ஒருவர் அட்டையை ஒப்பித்தார்கள். கஷ்டமா இருந்திருக்கும் என்றார் ஒருவர். நீங்க தனியா இல்ல என்றார் இன்னொருவர். அது உண்மைதான், அந்தக் கட்டிலருகில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் நுழையக்கூட இடமில்லை. மூன்றாமவருக்கு வாக்கியம் மறந்துபோய், சீக்கிரம் குணமடைய வாழ்த்துகள் என்று என் கையைக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். ஒரு தடவை எனக்குக் கண் மூடிவிட்டதால் மறுபடி எடுத்தார்கள். அவர்கள் போனதும் பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர், தேர்தல் வருகிறதா என்று மலாயில் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் பேஸ்புக்கில் வந்துவிட்டது. சித்தியவானிலிருந்து சாந்தியின் அண்ணன் போன் பண்ணி, மச்சானுக்கு என்ன, இவ்வளவு பேர் சூழ்ந்து நிற்கிறார்களே, ரொம்ப மோசமா என்று கேட்டார். சாந்தி வெளியே போய் நின்று பேசிவிட்டு வந்தாள். முகம் கறுத்திருந்தது. யாரும் எங்களிடம் அனுமதி கேட்கவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு சாகுல் வந்தான். டீ-சட்டை இல்லை, பழமும் இல்லை. சாந்தி துணி மாற்றிவர வீட்டுக்குப் போயிருந்தாள். சிலிபினில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தன் அண்ணனோடு போட்ட சண்டையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்தினான்.

"அண்ணே, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்காதீங்க."

"கேளு."

"சாகணும்னு தோணுதா?"

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஐந்து மாதமாகத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு மூட்டையை, இதில் என்ன இருக்கிறது என்று ஒருவன் கடைசியில் கேட்டுவிட்டான். அவ்வளவுதான்.

"ஆமா" என்றேன்.

அவன் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப்போட்டுக்கொண்டான்.

"எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இதுக்கப்புறம் என்ன கேக்கணும்னு அவரு சொன்னாரு. எனக்கு மறந்துபோச்சுலா. ஆனா தனியா விடக்கூடாதுன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. அதனால நான் போகமாட்டேன். மிஸ்ஸிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நீயே சொல்லு."

ஆனால் மிஸ்ஸி இருந்தது வார்டின் அந்தக் கோடியில். என்னைத் தனியாக விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போவது சரியா என்று அவனுக்குச் சந்தேகம். கட்டில் பக்கத்திலேயே எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினான். டிரிப் தீர்ந்துவிட்டது என்று நினைத்து அவர் வந்தார். எனக்கு டிரிப்பே போடவில்லை. சாகுல் மெல்லிய குரலில் மலாயில் சொன்னான். மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்து, நன்றி, சொன்னது நல்லது, இப்போதே டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றார். எந்த அட்டையையும் பார்க்காமல் சொன்னார். நேரம் முடிந்து காவலர் வந்து விரட்டியபோதும் சாகுல் எழுந்திருக்கவில்லை. மிஸ்ஸி காவலரிடம் ஏதோ சொல்ல, சாந்தி திரும்பி வரும்வரை அவனை விட்டுவிட்டார்கள்.

மனநல வார்டில் பதினோரு நாள் இருந்தேன். பெல்ட்டையும் ஷூ நாடாவையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். எனக்கு வந்திருப்பது மனச்சோர்வு நோய் என்றார் டாக்டர். சோகத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது சோகம் இல்லை. சோகத்தில் ஒரு ருசியாவது இருக்கும். இது நாக்கே செத்துப்போவது மாதிரி. தினமும் ஒரு மாத்திரை. அது வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், முதலில் வாய் உலரும், கை நடுங்கும், அமைதியில்லாமல் இருக்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். சொன்னபடியே எல்லாம் வந்தது. சொன்னபடி நடக்கிற ஒரு விஷயத்தை நான் வெகுநாள் கழித்துப் பார்த்தேன். அங்கே இருந்தவர்களை ஊர் என்னவென்று கூப்பிடும் என்று உங்களுக்குத் தெரியும், நானும் கூப்பிட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட என்னிடம் பொய்யாகக் கனிவு காட்டவில்லை.

சாந்தி தினமும் வந்தாள். தெர்மாஸில் ரசம் கொண்டுவந்து, நான் மூன்று வாய் குடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். உறவினர்களிடம் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிவைத்தாள். மூன்றாம் நாள், ரசக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இருபத்தாறு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம். போயும் போயும் அந்த ஃபோர்க்லிப்ட் ஓட்டுறவன்கிட்ட சொல்லியிருக்கீங்க."

"அவன் கேட்டான்" என்றேன்.

உண்மைதான். ஆனால் உண்மையைக்கொண்டு ஒருவரை இவ்வளவு கச்சிதமாக அடிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அன்று சீக்கிரமே போய்விட்டாள். மறுநாள் நகவெட்டியோடு வந்தாள். அதை உள்ளே கொண்டுவரக்கூடாது என்றார்கள். மிஸ்ஸி மேசைக்குப் பக்கத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, என் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து நகம் வெட்டிவிட்டாள்.

ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். முதல் நாளே மாடிக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜரும் மிஸ் புவனாவும் இருந்தார்கள். அடுத்த பயிற்சிக்கு என் படம் போட்டு போஸ்டர் அடிக்கப்போகிறார்களாம், நான் மேடையேறி இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். நம் பயிற்சி ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறதே என்றார் மேனேஜர். பயிற்சியில் சாகுலின் பெயர் பட்டியலிலேயே இல்லை, அதனால் அவனுக்குச் சான்றிதழ்கூட வரவில்லை என்று சொன்னேன். அதைச் சரிசெய்துவிடலாம் என்றார்கள். அவன் கேட்டபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன் என்றேன்.

"போஸ்டர் வேணாம். ஸ்டோருக்கு ஆள் போடுங்க, நான் மேடையில ஏறுறேன்" என்றேன்.

மேனேஜர் மிஸ் புவனாவைப் பார்த்தார். மிஸ் புவனா என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது எங்களுக்குக் கேக்குது" என்றார் மேனேஜர்.

இன்றுவரை ஆள் வரவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தால் எனக்கு மட்டும் எட்டு மணி நேர வேலை. கூட இருப்பவன் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறான். அவனுக்கும் ஒரு பச்சை பேட்ஜ் கொடுத்திருக்கிறார்கள். அவனிடம் நான் கேட்டுவிட்டேன், நேராகவே. இல்லண்ணே, தூக்கம்தான் வரமாட்டேங்குது என்றான். கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். சாகுலும் நானும் இதனால் உயிர்நண்பர்களாகிவிடவில்லை. பார்த்தால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சாப்டாச்சாண்ணே என்பான், ஆச்சு என்பேன்.

பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வியை யாராவது கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். அதைக் கேட்கிற தைரியம் இல்லாதவர்கள் டீ-சட்டை போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் எனக்கு டாக்டரைப் பார்க்கும் தவணை இருந்தது. இதுவரை சாந்தி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பாள். இந்தத் தடவை நம்பர் கூப்பிட்டதும் அவளும் எழுந்து கூடவே உள்ளே வந்துவிட்டாள். டாக்டர் வழக்கம்போலத் தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டுவிட்டு, சாகலாம் என்ற எண்ணம் இப்போதும் வருகிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இந்த வாரம் இரண்டு தடவை வந்தது, முன்பு மாதிரி நிற்கவில்லை, வந்து போய்விட்டது என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

சாந்தி அழவில்லை. "எந்த ரெண்டு நாளு?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கிழம. அப்புறம் நேத்து."

முந்தின நாள் நாங்கள் இருவரும் சேர்ந்து மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். மீன்கடையில் அவள் விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இனிமே அங்கேயே சொல்லணும்" என்றாள். "மீனு என்ன, நாளைக்கும் கிடைக்கும்."